சர்க்கரைவள்ளி, சேனை, கேரட் எல்லாவற்றிலும் பூஞ்சை: எது என்ன என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தெம்பனிஸ்_மருமகள் | சனி இரவு 9:42

பொங்கலுக்கு இங்கே சிங்கப்பூரில் தேக்கா சந்தையில் கிழங்கு வாங்கும்போது கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது. சர்க்கரைவள்ளி 4 கிலோ, ஒரு பெரிய துண்டு சேனை, மரவள்ளி, ஒரு பை கேரட், சின்ன வெங்காயம். பொங்கல் முடிந்த கையோடு தஞ்சாவூர் போய்விட்டு 12 நாள் கழித்து இன்றுதான் வந்தோம். கிழங்கு வைத்திருந்த பாம் ஷெல்டர் (வீட்டுக்குள்ளேயே இருக்கும் குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறை) கதவைத் திறந்ததும் அடித்த வாடையிலேயே தெரிந்துவிட்டது.

படம் ஏற்ற முயன்றேன், மூன்று முறையும் பாதியில் நின்றுவிட்டது, அதனால் சொல்லால்தான் காட்ட வேண்டும். சர்க்கரைவள்ளி இரண்டில் வெள்ளைத் தாடி மாதிரி முளைத்து, அதன் நுனியில் கறுப்புக் குண்டூசித் தலை போலப் புள்ளிகள். வேறு ஐந்து சர்க்கரைவள்ளியில் தாடி எதுவும் இல்லை, தோலில் கறுப்புத் திட்டுகள் மட்டும், கிழங்கு கெட்டியாகத்தான் இருக்கிறது. சேனையின் வெட்டிய பக்கம் முழுக்க நீலப்பச்சைத் தூள். ஃப்ரிட்ஜில் வைத்த கேரட் எல்லாம் வெள்ளை பூத்திருக்கிறது. வெங்காயத்தில் அடுப்புக் கரி தடவியதுபோலக் கறுப்பு. மரவள்ளியை வெட்டினால் உள்ளே நீலக் கோடு கோடாக ஓடுகிறது.

அத்தை "கழுவி வெட்டிப் புளிக்குழம்பில் போடு, கொதித்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார். கணவர் பெட்டியோடு தூக்கிக் குப்பைத் தொட்டியில் போடச் சொல்கிறார். எனக்கு அந்தக் கறுப்பு வெங்காயத்தைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது. இது வீட்டுச் சுவரில் வருமே, அந்த விஷக் கறுப்புப் பூஞ்சையா? ஒவ்வொன்றுக்கும் என்ன பெயர்?

ஈசூன்_இரவுப்பறவை | சனி இரவு 9:58

கணவர் சொல்வதைக் கேளுங்கள் அக்கா. 4 கிலோ கிழங்கு என்ன விலை வந்துவிடப் போகிறது? மருத்துவர் கட்டணம் அதைவிட அதிகம்.

புக்கிட்பாத்தோக்_தாத்தா | சனி இரவு 10:20

தம்பி, எல்லாவற்றையும் தூக்கிப் போடுவது சுலபம். ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் இந்த ஊரில் அரிசி கிடைக்காமல் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் தின்றுதான் சனம் பிழைத்தது. என் அம்மா ஒரு கிழங்கைப் பார்த்தால் முதலில் நகத்தால் கீறுவார், பிறகு ஒரு சின்னத் துண்டை வேக வைத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார். கசந்தால் அந்தக் கிழங்கு முழுவதையும் வீசிவிடுவார், வெட்டிக் கொடு என்று கெஞ்சினாலும் தரமாட்டார். வண்டு விழுந்த கிழங்குக்கும் இதே கதைதான். பூஞ்சைக்குப் பெயரெல்லாம் அவருக்குத் தெரியாது.

மருமகள், உங்கள் மரவள்ளியில் இருப்பது பூஞ்சை இல்லை. மரவள்ளியைப் பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலமும் கறுப்புமாகக் கோடு ஓடிவிடும். அதனால்தான் அந்தக் காலத்தில் சமைக்கும் அன்றைக்குத்தான் பிடுங்குவோம்.

நுண்ணோக்கி77 | சனி இரவு 11:05

தாத்தா சொன்னது சரி. மரவள்ளி பிடுங்கப்பட்ட காயத்துக்குத் தன் உடம்பே காட்டும் எதிர்வினை அது. உள்ளே இருக்கும் சில பொருள்கள் காற்று பட்டு நீலக்கறுப்பாக மாறுகின்றன, எந்தக் கிருமியும் தேவையில்லை. மெழுகு பூசிய மரவள்ளி சில கடைகளில் வருவதும், தோல் சீவி உறைய வைத்த பாக்கெட்டில் வருவதும் காற்றைத் தடுக்கத்தான். ஆனால் 12 நாள் கிடந்ததில் கோட்டுக்கு மேலே அழுகலும் சேர்ந்திருக்கும், அதனால் அதைச் சாப்பிடச் சொல்லவில்லை. பூஞ்சைக் கணக்கில் எழுதாதீர்கள், அவ்வளவுதான்.

நான் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன், பூஞ்சை வளர்ப்பதும் எண்ணுவதும்தான் பிழைப்பு. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், நிறத்தை மட்டும் வைத்துப் பெயர் சொல்ல முடியாது. நீங்கள் கறுப்பு என்று சொன்ன மூன்றும் மூன்று வேறு சமாச்சாரம். தாடி நுனியில் கறுப்புக் குண்டூசித் தலை என்றால் அது ரைசோபஸ், ரொட்டியில் வருமே அதே குடும்பம். அந்தக் கிழங்கு கொழகொழவென்று தண்ணீர் விட்டு, கள் வாடையோ புளித்த மாவு வாடையோ அடிக்க வேண்டும். சரியா?

வெங்காயத்தின் கரி அஸ்பர்ஜில்லஸ் நைஜர். மண்ணில் எங்கும் இருப்பது, 30 டிகிரிச் சூடு அதற்கு ரொம்பப் பிடிக்கும், நம் ஊர் அதற்குச் சொர்க்கம். சுவரில் வரும் ஸ்டாக்கிபாட்ரிஸ் அது இல்லை. அது ஈரமான ஜிப்சம் பலகை, அட்டை, காகிதம் மாதிரி நார்ப் பொருளில் வளர்வது. வெங்காயத்தின் மேல் இரண்டு தோலை உரித்துப் பாருங்கள். உள்ளே சதை வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் ஓடும் தண்ணீரில் கழுவிப் பயன்படுத்தலாம். வீட்டில் ஆஸ்துமாவோ பூஞ்சை ஒவ்வாமையோ உள்ளவர் இருந்தால் வேண்டாம், உரிக்கும்போது தூள் பறக்கும்.

நீங்கள் பயப்பட வேண்டியது வெங்காயத்துக்கு இல்லை, கெட்டியாக இருக்கிறது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனீர்களே, அந்த ஐந்து சர்க்கரைவள்ளிக்கு. அதைப் பற்றித்தான் எனக்குக் கேள்வி இருக்கிறது. திட்டு வட்டமா, இல்லை மை சிந்தியதுபோலக் கண்டபடி பரவியதா? லேசாகக் குழிந்திருக்கிறதா? கிழங்கின் நுனியில் தொடங்குகிறதா, நடுவிலா? நகத்தால் கீறினால் கீழே என்ன நிறம்?

சேனைப்பிரியன் | சனி இரவு 11:31

வெங்காயம் எப்போதிலிருந்து கிழங்கு ஆனது என்று கேட்டுவிட்டுப் போகிறேன் :)

சேனைக்கு என் அனுபவம். கடையில் வெட்டிக் கொடுக்கும் துண்டை வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துவிட வேண்டும். வெட்டிய முகம் காற்றில் காய்ந்து தோல் மாதிரி ஒரு பொருக்குக் கட்டினால் பல நாள் தாங்கும். உறை போட்டு மூடினால் உள்ளே வியர்த்து மூன்றாம் நாளே பச்சை பூத்துவிடும். அந்தப் பச்சையைச் சுற்றி வெள்ளை ஓரம் இருக்கிறதா பாருங்கள், என் வீட்டில் எப்போதும் அப்படித்தான் வரும்.

தெம்பனிஸ்_மருமகள் | ஞாயிறு காலை 8:15

சேனைப்பிரியன், உறையோடுதான் வைத்தேன். வெள்ளை ஓரம் இருக்கிறது.

நுண்ணோக்கி ஐயா, தாடி வைத்த இரண்டும் அழுகித் தண்ணீர் விட்டுவிட்டன, கள் வாடை சொன்னபடியே. அத்தை மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டு "எங்க அப்பா வாடை" என்றார், அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

கறுப்புத் திட்டு ஐந்தையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே மாதிரி இல்லை! இரண்டில் தோல் மட்டும்தான் கறுப்பு, பழுப்புக் கறை மாதிரி வடிவமே இல்லாமல் பரவியிருக்கிறது, கீறினால் கீழே நல்ல மஞ்சள் சதை. மூன்றில் ஐம்பது காசு அளவுக்கு வட்டம், லேசான குழி, கீறினால் கீழேயும் கறுப்பு, கொஞ்சம் பச்சை கலந்த கறுப்பு. நடுவில் முள் முள்ளாகக் குட்டிக் குட்டி மயிர் மாதிரி ஏதோ இருக்கிறது. வாடை மோசமில்லை, பழ வாசனை மாதிரிகூட இருக்கிறது.

நுண்ணோக்கி77 | ஞாயிறு காலை 8:50

முதலில் ஒன்று, அத்தையை மோந்து பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பூஞ்சை வித்து மூக்கு வழியாக நுரையீரலுக்குப் போவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. வாடை தானாக வந்தால் வரட்டும், நாம் கிட்டப் போக வேண்டாம்.

தோல் கறை உள்ள இரண்டும் ஸ்கர்ஃப் என்று சொல்கிற தோல் பூஞ்சை நோய். நிலத்திலேயே பிடித்துக்கொண்டு வருவது, தோலைத் தாண்டாது. தோல் சீவிச் சாப்பிடலாம். அந்தக் கிழங்கு சீக்கிரம் தண்ணீர் இழந்து சுருங்கும் என்பதால் அதை முதலில் சமைத்துவிடுங்கள்.

மூன்று வட்டம்: குழிவு, பச்சை கலந்த கறுப்பு, கெட்டியான சதை, பழ வாசனை, நடுவில் முள். இதெல்லாம் சேர்ந்தால் செரட்டோசிஸ்டிஸ் கருமையழுகல். அந்த முள்தான் அதன் வித்துப் பையின் கழுத்து, கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தாலே தெரியும். கறை நுனியிலிருந்து தொடங்கி உள்ளுக்குள் முழுக்கக் கறுத்து மரக்கட்டை மாதிரி இறுகியிருந்தால் ஜாவா கருமையழுகல் என்ற இன்னொன்றை நினைத்திருப்பேன், வெப்ப நாட்டில் அதுவும் சகஜம்.

இந்த மூன்றை அப்படியே வீசுங்கள், கறுப்பை வெட்டிவிட்டு மீதியைச் சமைக்காதீர்கள். சர்க்கரைவள்ளி பூஞ்சையோடு சண்டை போட இப்போமியமரோன் என்ற கசப்புப் பொருளைத் தானே சுரக்கிறது, அது கறுப்பைச் சுற்றியுள்ள நல்ல நிறச் சதையிலும் இருக்கும். ஈரலுக்குக் கெடுதல் செய்வது. வேக வைத்தாலும் முழுக்கப் போகாது. பூஞ்சை பிடித்த சர்க்கரைவள்ளி தின்ற மாடுகள் நுரையீரல் வீங்கிச் செத்தது அமெரிக்காவில் பதிவானது, அதற்குக் காரணம் இதே குடும்பத்து வேறு பொருள். தாத்தாவின் அம்மா நாக்கில் வைத்துப் பார்த்தது இந்தக் கசப்பைத்தான். அவர் கிழங்கை முழுசாக வீசியது ரொம்ப ரொம்பச் சரி.

புக்கிட்பாத்தோக்_தாத்தா | ஞாயிறு காலை 9:30

அம்மாவுக்கு இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

ஈசூன்_இரவுப்பறவை | ஞாயிறு காலை 10:12

அப்படியானால் கொதிக்க வைத்தால் பூஞ்சை செத்துவிடும் என்பது பொய்யா? எங்கள் வீட்டிலும் பாட்டி அதையேதான் சொல்வார்.

நுண்ணோக்கி77 | ஞாயிறு காலை 10:40

பூஞ்சை சாகும், அது விட்டுவிட்டுப் போன நஞ்சு சாகாது. இரண்டும் வேறு. நிலக்கடலையில் வரும் அஃப்ளடாக்சின் வறுத்தாலும் கொஞ்சம் குறையுமே தவிர ஒழியாது. கிழங்குக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும்.

அதற்காக எல்லாப் பூஞ்சையும் நஞ்சு என்று கிளம்பவும் வேண்டாம். நான் பார்ப்பது சதையின் கெட்டியை. கேரட் மாதிரிக் கெட்டியான காயில் சின்னப் பூஞ்சைப் புள்ளி இருந்தால் சுற்றிலும் கீழேயும் குறைந்தது இரண்டரை சென்டிமீட்டர் விட்டு வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம், கத்தி பூஞ்சையைத் தொடக் கூடாது. கெட்டியான காயில் பூஞ்சையின் நூல் உள்ளே ஆழமாக ஓடாது. கொழகொழத்த காயில் கண்ணுக்குத் தெரியாமல் எங்கும் ஓடியிருக்கும், அதை வெட்டிப் பயனில்லை. சர்க்கரைவள்ளிக் கருமையழுகல் மட்டும் இதற்கு விலக்கு, கசப்பு காரணமாக.

சேனை: நீலப்பச்சைத் தூள், வெள்ளை ஓரம் என்றால் பெனிசிலியம்தான் முதல் சந்தேகம். பச்சை நடுவில்தான் வித்து முதிர்ந்திருக்கும், வெள்ளை ஓரம் இப்போதுதான் வளரும் நூல். முகம் முழுக்கப் பரவிவிட்டது என்கிறீர்கள், 12 நாள் ஆகியிருக்கிறது. என் வீடாக இருந்தால் வீசியிருப்பேன்.

சேனைப்பிரியன் | ஞாயிறு காலை 11:02

சேனை விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெரிய துண்டு என்றால் கைப்பருமன் சீவித் தள்ளினால் உள்ளே புதிது மாதிரி இருக்கும். எத்தனையோ முறை செய்திருக்கிறேன், இன்னும் இழையில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நுண்ணோக்கி77 | ஞாயிறு காலை 11:15

கைப்பருமன் சீவினால் நான் சொன்ன அளவைவிட அதிகமாகவே சீவுகிறீர்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. உள்ளே ஈரக்கறையோ சாம்பல் நிறமோ தெரிந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். பிறகு, சளி மாதிரி வழுவழுத்து சாக்கடை நாற்றம் அடித்தால் அது பூஞ்சையே இல்லை, பாக்டீரியா அழுகல். அதில் தூளும் இருக்காது, நூலும் இருக்காது.

உட்லண்ட்ஸ்_வாசு | ஞாயிறு பிற்பகல் 2:20

கேரட்டை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். மருமகள், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு விரலால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளை மறைந்து ஆரஞ்சு திரும்பி வந்தால் அது பூஞ்சை இல்லை, மேல் தோல் காய்ந்து வெளுத்தது. காய்ந்ததும் மறுபடி வெளுக்கும். நான் ஓட்டல் சமையற்கட்டில் 9 வருடம் இருந்தேன், இதற்காகவே பெட்டி பெட்டியாக நல்ல கேரட்டைப் புது ஆட்கள் குப்பையில் போட்டிருக்கிறார்கள்.

பஞ்சு மாதிரி உப்பி நின்றால் அது வேறு. பஞ்சுக்குள் எலிப்புழுக்கை மாதிரிக் கறுப்புக் கட்டிகள் இருந்தால் ஸ்கிளரோட்டினியா, ஃப்ரிட்ஜ் குளிரிலும் மெதுவாக வளர்ந்து பக்கத்துக் கேரட்டுக்குத் தாவும். கழுவிப் பளபளவென்று பையில் வருகிற கேரட்டில் வெல்வெட்டுக் கறுப்புத் திட்டு வரும், அது இன்னொன்று. எந்திரத்தில் கழுவும்போது தோல் சிராய்ந்து, பையில் வியர்வை கோத்தால் வரும்.

தெம்பனிஸ்_மருமகள் | ஞாயிறு மாலை 6:05

தண்ணீர்ச் சொட்டு மந்திரம் மாதிரி வேலை செய்தது! வெள்ளை அப்படியே போய்விட்டது. அடியில் இருந்த ஒரே ஒரு கேரட்டில் மட்டும் பஞ்சு, உள்ளே இரண்டு கறுப்பு மணி. அதை எடுத்துவிட்டேன், ஒட்டியிருந்த இரண்டையும் எடுத்துவிட்டேன்.

இப்போது இன்னொரு சந்தேகம். பாம் ஷெல்டர் இருட்டு, வெயில் படாது, பாதாள அறை மாதிரி. கிழங்குக்கு அதுதானே நல்ல இடம்? கழுவிச் சுத்தமாகத்தானே மூடிப் போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் வைத்தேன்?

உட்லண்ட்ஸ்_வாசு | ஞாயிறு மாலை 6:30

கழுவினீர்களா! அங்கேதான் கதை முடிந்தது.

நுண்ணோக்கி77 | ஞாயிறு இரவு 8:10

இருட்டு உருளைக்கிழங்குக்கு நல்லது, பச்சை பிடிக்காது. ஆனால் பாம் ஷெல்டர் என்பது கனமான கான்கிரீட் சுவர், ஜன்னல் இல்லை, இரும்புக் கதவு. காற்று அசையாது. நம் ஊர்க் காற்றில் விடியலுக்கு முன் ஈரப்பதம் 90 சதவிகிதத்தைத் தாண்டும், மழை இல்லாத பிற்பகலில்தான் 60 பக்கம் இறங்கும், அந்த இறக்கம் மூடிய பெட்டிக்குள் இருக்கும் கிழங்குக்குத் தெரியவே தெரியாது. கிழங்கும் மூச்சு விடும், அந்த நீராவி மூடியில் பட்டுச் சொட்டும். ஜனவரி மழை வேறு.

இதில் ஒரு வேடிக்கை சொல்கிறேன். சர்க்கரைவள்ளியைப் பிடுங்கியதும் விவசாயிகள் சுமார் 30 டிகிரிச் சூட்டிலும் 85, 90 சதவிகித ஈரத்திலும் நாலைந்து நாள் வைப்பார்கள், காயமெல்லாம் பொருக்குக் கட்டி ஆறும். அதாவது கிட்டத்தட்ட நம் சமையலறை. ஆறிய பிறகு 13 முதல் 15 டிகிரிக்கு இறக்கிவிடுவார்கள், அதை நாம் செய்ய முடியாது. ஃப்ரிட்ஜில் வைத்தாலோ குளிர் தாங்காமல் உள்ளே கட்டி விழுந்து, வேக வைத்தாலும் நடுவில் வேகாமல் நிற்கும், பூஞ்சையும் சுலபமாக ஏறும். ரெண்டும்கெட்டான் ஊர் நமது. வழி ஒன்றுதான், குறைவாக வாங்குங்கள். மண் ஒட்டியிருந்தால் ஒட்டியபடியே விடுங்கள், சமைக்கும்போது கழுவலாம். மூங்கில் கூடையில் ஒன்றோடொன்று இடிக்காமல், காற்றாடும் இடத்தில். ரைசோபஸ் காயம் இல்லாத தோலில் நுழைய மிகவும் சிரமப்படும், அதனால் வாங்கும்போதே நுனி முறிந்ததைத் தவிருங்கள்.

பெட்டியையும் தட்டையும் சோப்புப் போட்டுக் கழுவி, நீர்த்த பிளீச்சால் துடைத்துக் காய வையுங்கள். பிளீச்சோடு வினிகரைச் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும், அந்தச் சின்ன அறைக்குள் அது பெரிய ஆபத்து. முகக்கவசம் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

ஈசூன்_இரவுப்பறவை | ஞாயிறு இரவு 8:44

ஐயா, வீட்டில் மகனின் நுண்ணோக்கி இருக்கிறது, 400 மடங்கு. இவற்றையெல்லாம் அதில் பார்க்க முடியுமா? அவன் தொடக்கப்பள்ளி ஐந்து, அறிவியல் ஆர்வம் கொஞ்சம் வரட்டும் என்று பார்க்கிறேன்.

நுண்ணோக்கி77 | ஞாயிறு இரவு 9:20

நேற்றுத் தூக்கிப் போடச் சொன்னவர் நீங்கள்தானே :)

பார்க்கலாம். ஒட்டும் டேப்பைப் பூஞ்சை மேல் மெதுவாக ஒற்றி எடுத்து, நுண்ணோக்கியின் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அதன் மேல் ஒட்டுங்கள். பெனிசிலியம் துடைப்பம் மாதிரி விரிந்து நிற்கும், பெயரே லத்தீனில் தூரிகை என்ற சொல்லிலிருந்து வந்தது. அஸ்பர்ஜில்லஸ் உருண்டைத் தலையைச் சுற்றி மணி மணியாக. 1729இல் மிக்கேலி என்ற இத்தாலியப் பாதிரியார் அதைப் பார்த்துவிட்டு, தேவாலயத்தில் தீர்த்தம் தெளிக்கும் கருவி மாதிரி இருக்கிறது என்று அந்தப் பெயரை வைத்தார். ரைசோபஸ் நீளக் காம்பு, உச்சியில் பந்து, அடியில் வேர் மாதிரிக் கிளை. உருளைக்கிழங்கின் சுருங்கிய குழியில் ரோஜா நிறப் பஞ்சு கிடைத்தால் விட்டுவிடாதீர்கள், ஃபுசேரியமாக இருக்கலாம், அதன் வித்து குட்டி வாழைப்பழம் மாதிரி வளைந்திருக்கும், பையனுக்குப் பிடிக்கும். இதிலும் குடும்பப் பெயர் வரைக்கும்தான் சொல்ல முடியும், ஆளின் பெயர் சொல்ல ஆய்வகம் வேண்டும்.

டேப் ஒற்றும் வேலையை நீங்கள் செய்யுங்கள், அவனைச் செய்ய விடாதீர்கள்.

தெம்பனிஸ்_மருமகள் | செவ்வாய் இரவு 10:15

நிலவரம். வட்டம் விழுந்த மூன்றும் இரட்டைப் பையில் கட்டிக் குப்பைக்குப் போயின. வீசுவதற்கு முன் அத்தை கேட்காமல் ஒரு துண்டை வேக வைத்து நாக்கில் தொட்டுப் பார்த்திருக்கிறார், துப்பிவிட்டு வாய் கொப்பளித்துக்கொண்டு வந்து "தாத்தா சொன்னது சரிதான்" என்றார். என் பேச்சுக்கு இத்தனை நாள் கிடைக்காத மரியாதை. ஸ்கர்ஃப் இரண்டும் தோல் சீவி வறுவல் ஆகிவிட்டன, நன்றாகவே இருந்தன. வெங்காயத்தில் பாதி தேறியது. சேனை போய்விட்டது, மன்னியுங்கள் சேனைப்பிரியன், சீவச் சீவ சாம்பல் நிறமாகவே வந்தது. மீந்த சர்க்கரைவள்ளியில் ஒன்று முளை விட்டிருந்தது, அத்தை அதை வாசல் தாழ்வாரத்துத் தொட்டியில் ஊன்றிவிட்டார். பாம் ஷெல்டரில் இப்போது பெட்டி படுக்கை மட்டும்தான்.

சேனைப்பிரியன் | செவ்வாய் இரவு 10:40

மன்னித்தேன். அப்புறம் நுண்ணோக்கி ஐயா, கடைசியாக ஒன்று. இன்றைக்கு வெட்டிய இஞ்சிக்குள் நீல வளையம் தெரிகிறது. இதுவும் பெனிசிலியமா?

நுண்ணோக்கி77 | செவ்வாய் இரவு 10:52

வளையம் சதைக்குள் ஒரே சீராக ஓடுகிறதா, இஞ்சி கெட்டியா, மேலே தூள் இருக்கிறதா? சில ரக இஞ்சிக்கு அந்த நீலம் பிறவியிலேயே உண்டு.

சேனைப்பிரியன் | செவ்வாய் இரவு 10:58

சீராகத்தான் ஓடுகிறது, கெட்டி, தூள் இல்லை. சரி, டீக்கு இடித்துப் போட்டுவிட்டேன்.